மிதிப்பதற்கு முன்

போன வாரம் நம் காலை பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு புகைப்படம் போட்டிருந்தாள். நம் பழைய ஹாலின் உட்புறம். சுவரில் பாசி, ஜன்னலில் கண்ணாடி இல்லை, நடுவில் கால் மடங்கிய டேபிள் டென்னிஸ் மேசைகள். "இதை இடிக்கப் போறாங்களாம். யூனிவர்சிட்டி லேடீஸ் டீமோட சரித்திரத்தை யாராச்சும் எழுதி வைங்கப்பா" என்று கீழே எழுதியிருந்தாள். அதற்கு இன்னொருத்தியின் பதில்: "சரித்திரம் என்ன சரித்திரம்? போனக்காட்டு அக்கா ஒரு கும்பிடு போட்டாங்க, டீம் காலி." பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள். உங்களில் பலர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள்.

போனக்காட்டு அக்கா என் சொந்த அக்கா. அது உங்களுக்கு மறந்திருக்க நியாயமில்லை. எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நமக்கெல்லாம் முழங்கால் வலியும் தலைச்சாயமும் வந்துவிட்ட வயதில் எதற்குப் பொய்? கோபம் வந்தது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் மலையாளப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்தைத் தொலைத்தவர்கள். வாசிக்கத் தெரிந்தவள் மற்றவளுக்கு வாசித்துக் காட்டட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நமக்குத் தெரியும், அது போதும்.

நாங்கள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்குத் தம்பானூரில், ரயில் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு லாட்ஜின் சமையற்கட்டில் வேலை கிடைத்ததும் எல்லோருமாக மலையிறங்கினோம். லாட்ஜுக்குப் பின்னால் ஓர் அறை. ஸ்டேஷனில் வண்டி கிளம்பினால் எங்கள் அலமாரியில் தட்டுகள் பேச ஆரம்பிக்கும். அக்கா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பள்ளியில் அவள் கைகளை ஊன்றித் தலைகீழாக நடப்பதைப் பார்த்த ஒரு விளையாட்டு வாத்தியார் போட்டிகளுக்கு அழைத்துப் போனார். அது வளர்ந்து வளர்ந்து பல்கலைக்கழகப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்காவின் காஸ்ட்யூம் முதல் தடவை கொடியில் காய்ந்தபோது அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இது சட்டையா, சட்டைக்கு உள்ள போடுததாட்டி?" என்று கேட்டாள். அக்கா, "சட்டைதாம்மா" என்றாள். அம்மா அதைத் திரும்பக் கொடியில் போட்டாள். பிறகு, "சரி. ஆனா தனியா போவக் கூடாது. இவளையும் கூட்டிட்டுப் போ" என்று என்னைக் காட்டினாள். அம்மாவின் எதிர்ப்பு அவ்வளவுதான். என் ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படித்தான் தொடங்கியது.

ஹாலுக்குள் முதல் நாள் நுழைந்ததும் எனக்கு அடித்தது தேங்காய் நார் வாசனை. உங்களுக்கும் அதுதான் நினைவிருக்கும். வெளிநாட்டு ஸ்பாஞ்ச் மெத்தைக்கு நாம் எங்கே போவது? கயிற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாரை அடைத்த மெத்தைகள். வெயில் காலத்தில் குத்தும், மழைக் காலத்தில் நாறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூலையில் பழைய பிஸ்கட் டின்; அதில் கையில் தடவும் வெள்ளைப் பொடி. பெரியவர்கள் தடவிக்கொண்டு போன பிறகு நாம் அதில் கையை விட்டுக் கன்னத்தில் பூசிக்கொள்வோம்.

டீச்சர் என்னைப் பார்த்து, "இவிடெ வெறுதே இரிக்கான் ஆரும் இல்ல" என்றார். சும்மா உட்காரும் ஆளுக்கு இங்கே இடமில்லை என்று பொருள். அப்போதே காலை அகட்டி உட்காரச் சொல்லித் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலுக்குக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. டீச்சர் கோட்டயத்துக்காரர், குட்டையான ஆள், தொண்டை மட்டும் பெரிது. அந்த அணியை ஒன்றுமில்லாத இடத்தில் உண்டாக்கியவர் அவர்தான். கல்லூரி கல்லூரியாகப் போய், நடனம் ஆடியவளையும் மரம் ஏறியவளையும் பொறுக்கிச் சேர்த்தார். வீடு வீடாகப் போய் அப்பன்மாரிடம் பேசினார். அத்தனை செய்தும் அவருக்குத் தற்காலிக வேலைதான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சரித்திரம் எழுதுவதென்றால் முதல் வரியில் அவரை எழுதுங்கள்.

அக்காவின் கருவி பீம். வெளியார் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன்: கையகலமே உள்ள நீண்ட மரம், அன்றைய என் கழுத்தளவு உயரத்தில் நிற்கும். அதன்மேல் நடக்க வேண்டும், துள்ள வேண்டும், கைகளில் நிற்க வேண்டும், பின்பக்கமாக வளைந்து உருண்டு மறுபடி அதன்மேலேயே கால் ஊன்ற வேண்டும். நம் பீமின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அக்காவின் அணிக்குக் கேப்டனாக இருந்த சேச்சியின் முன்பல் பட்ட இடம். பாதிப் பல் போனது. சேச்சி கடைசிவரை வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள்.

அக்கா ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன் பீமை விரல் நுனிகளால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அது அம்மாவிடமிருந்து வந்தது. கூடையில் கால் பட்டுவிட்டால் அம்மா குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். செடியை ஒதுக்கிக்கொண்டு நிரைக்குள் இறங்கும் முன்னாலும் அப்படித்தான். டீச்சருக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை.

"இது மரம் ஆணு மோளே, அம்பலம் அல்ல," என்றார். இது மரம், கோயில் இல்லை என்று.

"காலால மிதிக்கத்தான போறேன் டீச்சர். முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்லா?" என்றாள் அக்கா.

கொஞ்ச நாளில் அது எல்லோருக்கும் தொற்றிவிட்டது. அணியில் இருந்த நெய்யாற்றின்கரைச் சேச்சி பீமைத் தொட்டு நெஞ்சில் சிலுவை போடுவாள். கேப்டன் சேச்சி, தன் பல்லைத் தின்ற மரம் என்பதால், செல்லமாக ஓர் அறை விடுவாள். காலை பேட்ச் பொடிசுகளான நாமும் எட்டித் தொட்டு ஒற்றிக்கொண்டோம். டீச்சர் ஒரே ஒரு விதி மட்டும் போட்டார்: போட்டியில் தொடுவதானால் நடுவர் கொடி காட்டுவதற்கு முன்னால் தொட்டுக்கொள்ள வேண்டும். கொடி காட்டிய பிறகு நடுவருக்குக் கை உயர்த்தி வணக்கம் வைக்கிறோம் அல்லவா, அதன்பின் கருவியில் கை பட்டால் ஏறத் தொடங்கியதாகக் கணக்கு. தொட்டுவிட்டு ஏறாமல் விலகினால் அரை மார்க் போய்விடும். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம்.

அந்த வருடம் ஓணம் விடுமுறை முடிந்து திரும்பியபோது, விளையாட்டுத் துறை டைரக்டர் சார் ஹாலுக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமல் மெத்தையில் ஏறி நின்றார். எனக்கு அது மறக்கவில்லை. தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் போட்டி அந்த முறை நம் ஊரிலேயே நடக்கப் போகிறது என்றார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பெண்கள் அணி தொடரும், இல்லையென்றால் கலைத்துவிட்டு ஹாலை வேறு விளையாட்டுக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். அவர் போன பிறகு டீச்சர் எங்கள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். "வாக்கு தந்நிட்டுண்டு" என்றார். வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அவர் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் சொல்லியாக வேண்டும். அவ்வளவு நாளும் எதுவுமே கிடைக்காத ஒருத்திக்கு நிபந்தனையாவது கிடைத்ததே என்கிற வெளிச்சம் அது.

பிறகு நடந்ததெல்லாம் பயிற்சி. விடிவதற்குள் ஒரு பொழுது, கல்லூரி விட்டு ஒரு பொழுது. அக்காவின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கும். அம்மா தேங்காயெண்ணெய் தடவி ஊதிவிடுவாள். லாட்ஜில் மிஞ்சிய முட்டையை அப்பா யாருக்கும் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு வருவார். வீடே பீமில் ஏறி நின்றதைப் போலத்தான் இருந்தோம்.

ஐப்பசி மழை அந்த வருடம் பேய்த்தனமாகப் பெய்தது. தினமும் மத்தியானம் இடி, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டும். ஒரு நாள் கூரை ஒழுகி நார் மெத்தைகள் நனைய ஆரம்பித்தன. பழைய தார்ப்பாய் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காவலாளி மாமன் பின்பக்கத்து ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார். எல்லோரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் உள்ளேயே நின்றேன். காரணம், அங்கே புது பெயின்ட் வாசனை. பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய பலகைகள் அடுக்கியிருந்தன. ஓர் உறையை விலக்கினேன். கரும்பச்சை நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற வழவழப்பு. நான் அவ்வளவு புதிய பொருளை அந்த வளாகத்தில் அதற்கு முன் பார்த்ததேயில்லை. மேலே ஏறிக் குதிக்க ஆரம்பித்தேன்.

அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைத் தேடி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் காவலாளி மாமனிடம் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இங்க வந்தத யார்ட்டயும் சொல்லாத. டீச்சர்ட்ட மூச்சு விடப்படாது. கேட்டியா?"

பூட்டிய அறைக்குள் விளையாடியதற்குத் திட்டு விழும் என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டினேன். அடுத்த நாளே மறந்தும்விட்டேன்.

போட்டிக்கு நம் ஹாலின் பீமையே ஸ்டேடியத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாம் எல்லோரும் வாசலில் நின்று, கல்யாணப் பெண்ணை வழியனுப்புவது மாதிரி அதற்குக் கை காட்டினோம். கேப்டன் சேச்சி அழக்கூட அழுதாள். நாம் சிரித்தோம். அந்த மரம் அந்த ஹாலுக்குத் திரும்பி வரவேயில்லை.

போட்டியன்று அம்மாவும் வந்தாள், முதல் தடவையாக. எங்கள் அறையில் இருந்ததிலேயே நல்ல சேலை. ஸ்டேடியத்தின் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கையை விடவேயில்லை. நீங்களெல்லாம் பின்வரிசையில் இருந்தீர்கள், சோடாவும் கப்பலண்டிக் கடலையுமாக. கீழே அதிகாரிகள் புது ஏற்பாடு செய்திருந்தார்கள். கொடி காட்டும்வரை யாரும் கருவியின் பக்கம் போகக் கூடாது, ஒரு கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். காலையிலேயே டீச்சர் அணியைச் சேர்த்து நிறுத்தி, "இன்னைக்கு ஆரும் தொடண்டா. கேட்டோ? ஆரும் தொடண்டா" என்றார். இன்று யாரும் தொட வேண்டாம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினாள். நான் பார்த்தேன்.

எங்கள் அணிக்குப் பீம்தான் கடைசி. பீமில் அக்கா கடைசி. அதுவரை மூன்றாம் இடம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நெய்யாற்றின்கரைச் சேச்சி ஒரு தடவை விழுந்தாள். கேப்டன் சேச்சி விழாமல் முடித்தாள். அவர்கள் யாரும் தொடவில்லை. நேராகப் போனார்கள், ஏறினார்கள்.

கொடி உயர்ந்தது. அக்கா கையை உயர்த்தி நடுவருக்கு வணக்கம் வைத்தாள். பீமின் பக்கத்தில் போனாள். நின்றாள். கேப்டன் சேச்சியின் பல் பட்ட முனை அது. பிறகு அவசரமில்லாமல் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். விரல் நுனியால் இல்லை, முழு உள்ளங்கையால். எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ" என்றார் டீச்சர். அது படிக்கட்டுவரை கேட்டது. நடுவர் குனிந்து எதையோ எழுதினார். அம்மா என்னிடம், "என்னட்டி, என்ன ஆச்சு?" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா ஆடியதை நீங்கள் பார்த்தீர்கள். அதை யாரும் பேசுவதில்லை, கும்பிட்டதை மட்டும்தான் பேசுகிறீர்கள். அன்று அவள் கால் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. கைகளில் நின்றபோது ஸ்டேடியத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கமாக வளைந்து கால் ஊன்றியபோது மரம் சின்னதாக ஒரு முனகல் முனகியது. இறங்கி நின்றாள், அசையவில்லை. எதிரணிப் பெண்கள் எழுந்து கைதட்டினார்கள்.

நான்காம் இடம். மூன்றாம் இடத்துக்கும் எங்களுக்கும் இடையில் அரை மார்க்குக்கும் குறைவான வித்தியாசம்.

திரும்பும் பஸ்ஸில் ஏறிப் பாளையம்வரை வந்தோம். பிறகு டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஞான் நின்னோடு பறஞ்ஞதல்லே மோளே," என்றார். சொன்னேனே என்று. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பறஞ்ஞதல்லே" என்று மறுபடி சொன்னார். அக்கா குனிந்தபடி, "பறஞ்ஞு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். டைரக்டர் சார் மிகவும் வருத்தத்தோடு அணியைக் கலைத்தார். ஹாலில் டேபிள் டென்னிஸ் வந்தது. டீச்சருக்குக் கீழே காலை பேட்ச் மட்டும் கொஞ்ச காலம் ஒரு வராந்தாவில் நடந்து, அதுவும் தேய்ந்து நின்றது. கேப்டன் சேச்சி அக்காவிடம் அதற்குப் பிறகு பேசவேயில்லை. அப்பா அம்மாவைப் பார்த்து, "உன் தோட்டத்துப் பழக்கம் பிள்ளையக் கெடுத்துட்டுது பாத்தியா" என்றார். அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

இத்தனை வருடம் நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை. கரும்பச்சை, நடுவில் வெள்ளைக் கோடு. நிறம் செத்துப்போன அந்த மேசைகள் புதிதாக இருந்தபோது நான் அவற்றின்மேல் குதித்திருக்கிறேன். எப்போது? மழையில். மழை எப்போது? போட்டிக்கு முன்னால், எவ்வளவோ முன்னால். தோற்றால் ஹாலை வேறு விளையாட்டுக்குக் கொடுப்போம் என்றவர்கள், நாங்கள் ஆடுவதற்கு முன்பே அந்த வேறு விளையாட்டை வாங்கி அடுக்கிவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறி நெடுமங்காட்டுக்குப் போனேன். அக்கா தன் தையல் கடையைச் சாத்திவிட்டுப் பின்கட்டில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். மேசைகளைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஆமா. அந்த மேசைதான்," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீயும் அங்கதான இருந்த? மேல ஏறிக் குதிச்சுக்கிட்டு. போட்டி முடிஞ்சதும் பீமு, மெத்தை எல்லாத்தையும் தூக்கிட்டு இதப் போடச் சொல்லியிருக்காவன்னு காவலாளி மாமன் சொன்னாரு. ஜெயிச்சாலும் அப்படித்தானான்னு கேட்டேன். அவரு மேல பாத்தாரு, மழையைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல."

"டீச்சர்ட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நேரா போயி டைரக்டர் சட்டையப் பிடிச்சிருப்பாவ. அவுங்களுக்கு டெம்பரவரி வேலை. அதுவும் போயிருக்கும். இந்தப் பிள்ளைங்களும் வெளங்காமப் போயிருக்கும். ஒரு நாளாவது நம்பி ஆடட்டும்னு விட்டேன். அப்புறம் தோத்தாச்சு, கலைச்சாச்சு. டீச்சருக்கு என்மேல கோவம். எம்மேல இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். அம்மாட்ட மட்டும் தோத்த அன்னைக்கு ராத்திரியே சொன்னேன்."

அம்மாவுக்குத் தெரியும். அப்பா குற்றம் சொன்ன நாளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியாது. நான் அழுதேன். அக்கா கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"டீச்சரும் போய்ச் சேந்துட்டாவ," என்றாள். "இனி நீ எழுதணும்னா எழுதிக்க."

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சரிக்கா, அதெல்லாம் சரி. ஆனா அன்னைக்கு எதுக்குத் தொட்ட? அரை மார்க் போவும்னு தெரியும்லா? மத்தவங்களுக்கு ஒரு பதக்கமாவது கிடைச்சிருக்கும்ல?"

"தெரிஞ்சுதான் தொட்டேன். நல்லா ஆடி ஈடு கட்டிரலாம்னு நெனச்சேன். முடியல. பதக்கம் போனது என்னாலதான். அத அந்தப் பிள்ளைங்க சொன்னா சொல்லட்டும், நீ சண்டைக்குப் போவாத."

கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பிள்ளைங்கள்ல அதுல ஏறுத கடைசி ஆளு நான். இனி ஒருத்தியும் ஏற மாட்டான்னு அங்க எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிக்கிடாம எப்படிட்டி மிதிப்பேன்?"